புதுவை ஜன்னல்கள்: மாற்றுவதா, மராமத்து செய்வதா?

புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் முதலில் தெருவுக்கு வருவது ஜன்னல்தான். கூரையைத் தொட்டால் செலவு. சுவரைத் தொட்டால் பயம். ஜன்னலைக் கழற்றுவது ஒரு நாள் வேலை. நிலைக்கும் சுவருக்கும் நடுவே கடப்பாரையை விட்டு நெம்பினால் காலையில் ஆரம்பித்த வேலை மாலைக்குள் முடிந்து, வெள்ளை யுபிவிசி சட்டம் பளிச்சென்று ஏறிவிடும். கழற்றிப்போட்ட மரத்தைப் பழைய சாமான் வியாபாரி வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். ‘உளுத்துப்போன மரம்’ என்று வீட்டுக்காரர் தள்ளிவிட்டதை அவர் ஏன் காசு கொடுத்து வாங்குகிறார் என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

கடற்கரையை ஒட்டிய துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி தொடங்கி, ஊரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய்க்கு மேற்கே வைசியாள் வீதி, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி வரை நடந்து பார்த்தால் இந்த மாற்றம் கண்ணில் படும். ஒரே வீட்டில் கீழே தேக்கு ஜன்னல், மேலே அலுமினிய ஸ்லைடிங். வளைவான திறப்பின் மேல்பாதியைச் செங்கல் வைத்து அடைத்து, மிச்சத்தில் பொருத்திய சதுரக் கண்ணாடி. இதை ‘அழகு போயிற்றே’ என்ற புலம்பலாக மட்டும் பார்த்தால் வீட்டுக்காரரிடம் எடுபடாது. வெயிலில் வேகிறவரும் கொசுக்கடியில் தூங்காதவரும் அவர்தான். ஆகவே கேள்வியை அவர் பக்கத்திலிருந்தே கேட்போம்: பழைய ஜன்னலை மாற்றினால் அவருக்கு உண்மையில் லாபமா?

ஊர் ஒன்று, ஜன்னல் இரண்டு

புதுவையின் நேர்கோட்டு வீதிகளுக்கு வரைபடம் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693 முதல் 1699 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கட்டத்தையே பின்பற்றினார்கள். 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் நகரின் பெரும்பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் காணும் பழைய புதுவை ஏறக்குறைய முழுவதும் அதற்குப் பிறகு எழுந்தது. 1738-ல் கட்டி முடித்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை போல ஒன்றிரண்டுதான் அந்த இடிப்புக்குத் தப்பியவை.

கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி. அங்கே வீடு உயரமான மதிலுக்குள் ஒதுங்கி, உள்ளே தோட்டத்தைப் பார்த்திருக்கும். ஜன்னல்கள் ஆளுயரத்துக்கும் மேல், வளைவுத் தலை, இருபுறமும் சுவரோடு ஒட்டிய தூண் வேலைப்பாடு, வெளிப்பக்கம் சாய்வு மரப்பட்டைகள் கோத்த இரட்டைக் கதவு.

மேற்கே தமிழர் பகுதி. வீடு தெருவோடு உறவாடும்: தாழ்வாரம், திண்ணை, அதற்குப் பின்னால் ஜன்னல். வெளிச்சமும் காற்றும் முற்றத்திலிருந்து வருவதால் தெருப்பக்கத்து ஜன்னல் சிறியதாக இருந்தாலே போதும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு கதவு வைத்த ஜன்னல்களும் உண்டு. கீழ்க் கதவைச் சாத்தி மேல் கதவைத் திறந்துவிட்டால் காற்று வரும். தெருவில் போகிறவர் கண் உள்ளே வராது.

இரண்டும் கலந்த வீடுகள்தான் புதுவைக்கே உரியவை. கீழ்த்தளத்தில் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழ் வீடு. மாடியில் வளைவு ஜன்னலும் கைப்பிடிச் சுவருமாகப் பிரெஞ்சு வீடு. இப்படிப்பட்ட வீட்டில் மாடி ஜன்னலை மாற்றினால் முகப்பின் பாதிக் கதை அழிந்துவிடும்.

ஒரு ஜன்னலைப் பிரித்துப் பார்த்தால்

பிரெஞ்சுப் பகுதியின் பெரிய ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியடுக்கில் சாய்வுப்பட்டைக் கதவு இரண்டு. ஒவ்வொரு கதவும் இரண்டு மூன்று கட்டமாகப் பிரிந்திருக்கும். அசையும் பட்டைகளாக இருந்தால், எல்லாவற்றையும் இணைத்து நடுவில் ஒரு மெல்லிய குச்சி ஓடும். அதை ஏற்றி இறக்கினால் பட்டைகள் ஒன்றாகத் திரும்பும். கதவைப் பூட்டுவதற்கு உயரம் முழுக்க ஓடும் இரும்புக் கம்பி. கைப்பிடியைத் திருகினால் மேலும் கீழும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்ளும். திறந்த கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க வெளிச்சுவரில் ஒரு கொக்கி. பல வீடுகளில் உள்ளடுக்கில் கண்ணாடிக் கதவு ஒன்று தனியாக இருக்கும்.

இத்தனை பாகம் எதற்கு? வெயில், காற்று, மழை, வெளிச்சம், அடுத்தவர் பார்வை என்று வெளியிலிருந்து வருகிற ஐந்தையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்துவதற்கு. கண்ணாடியைத் திறந்து பட்டைக் கதவைச் சாத்தினால் வெயில் நிற்கும், காற்று வரும். மழைக்குப் பட்டையை மூடிக் கண்ணாடியையும் சாத்தலாம். கிழக்குப் பார்த்த சுவருக்குப் புதுவையில் இது உயிர்நாடி. காலை வெயிலும் கிழக்கிலிருந்துதான் வருகிறது, பகலில் கடற்காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. வேண்டாததை வெளியே நிறுத்தி வேண்டியதை மட்டும் உள்ளே விடுவது வெறும் கண்ணாடியால் ஆகாத காரியம்.

இதைப் பழமை மோகம் என்று நினைப்பவர்கள் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை நினைத்துப் பார்க்கலாம். செக் நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து 1937-ல் வேலை தொடங்கிய கான்கிரீட் கட்டடம் அது. இந்தியாவின் ஆரம்பகால நவீனக் கட்டடங்களில் தலையாயது என்று கட்டடக்கலை மாணவர்கள் தேடி வந்து பார்ப்பது. அதில் கண்ணாடி ஜன்னலே கிடையாது. வடக்கிலும் தெற்கிலும் சுவர் முழுக்கத் திருப்பக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பட்டைகள்தான். உலக நவீனம் புதுவைக்கு வந்து இந்த ஊர் வெயிலைப் பார்த்ததும், பக்கத்துத் தெரு ஜன்னல் ஏற்கெனவே கண்டிருந்த விடைக்கே வந்து சேர்ந்தது.

கணக்குப் போட்டால் யார் ஜெயிப்பார்கள்?

‘பழைய ஜன்னல் மின்சாரத்தைத் தின்னும்’ என்பது புதிய ஜன்னல் விற்பவர்களின் முதல் வாதம். இந்த வாதம் குளிர் நாட்டுச் சரக்கு. வீட்டுக்குள் மூட்டிய சூடு ஜன்னல் வழியே தப்பிப் போவதுதான் அவர்கள் கவலை. அங்கேயே கூட அது முழு உண்மை இல்லை. ஸ்காட்லாந்தின் மரபுச் சின்னத் துறைக்காகக் கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் 2008-ல் ஒரு பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னலைச் சோதித்தது. உள்பக்க மரக்கதவைச் சாத்தினாலே சூடு வெளியேறுவது 51 சதவீதம் குறைந்தது. பழைய ஜன்னலைத் தொடாமல் உள்ளே கூடுதலாக ஒரு கண்ணாடி அடுக்கு வைத்தபோது 63 சதவீதம் குறைந்தது.

நம் ஊரில் பிரச்சினை நேர் தலைகீழ். சூடு உள்ளே வரக் கூடாது. காற்று வர வேண்டும். சாதாரண ஒற்றைக் கண்ணாடி, தன் மேல் விழும் வெயில் சூட்டில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கை உள்ளே அனுப்பிவிடும். உள்பக்கம் திரை போட்டாலும் சூடு அதற்குள் வீட்டுக்குள் வந்தாகிவிட்டது. வெளிப்பக்கப் பட்டைக் கதவு அந்தச் சூட்டை வாசலிலேயே தடுத்துவிடுகிறது.

காற்றுக்கு அரசாங்கமே ஓர் அளவுகோல் கொடுத்திருக்கிறது. குடியிருப்புக் கட்டடங்களுக்கான மத்திய அரசின் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ 2018-ல் வந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடலோரப் பகுதிகளில், வீட்டின் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பாக இருக்க வேண்டும் என்கிறது அது. கீல் போட்டுத் திறக்கும் கதவு என்றால் ஜன்னல் பரப்பில் 90 சதவீதம் திறப்பாகக் கணக்கு. இரண்டு கதவு ஸ்லைடிங் என்றால் 50 சதவீதம்தான். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்றின் முன்னால்தானே நிற்க வேண்டும்!

இந்த விதி புதிய கட்டடங்களுக்கானது என்றாலும், அளந்து பார்க்க உதவும். 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி திறப்பு வேண்டும். 4 அடி அகலம், 6 அடி உயரப் பழைய ஜன்னல் 24 சதுர அடி. அதில் 90 சதவீதம் 21.6 சதுர அடி. தேறிவிட்டது. அதே துளையில் ஸ்லைடிங் வைத்தால் 12 சதுர அடி. வளைவுத் தலையை அடைத்துவிட்டால் அதிலும் குறையும். காற்றில் பாதியைக் காசு கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, பிறகு அதே அறைக்கு ஏசி வாங்குகிறோம்.

மரத்தின் மதிப்பு

பழைய ஜன்னல்களில் பல பர்மாத் தேக்கு. ரங்கூனிலிருந்தும் மௌல்மேனிலிருந்தும் கப்பலேறி வந்த, காட்டில் நின்று நிதானமாக வளர்ந்த மரம். வைரம் பாய்ந்த அந்தத் தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசையும் கரையானை அண்டவிடாத வேதிப்பொருள்களும் உண்டு. சீக்கிரம் வெட்டிவிடும் தோட்டத் தேக்கில் வெள்ளைப் பகுதி அதிகம். அதைக் கரையான் விட்டுவைக்காது. மியான்மர் 2014 ஏப்ரலில் வெட்டுமர ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அதே தரத்தில் புது மரம் வாங்க நினைத்தால் விலை மட்டுமல்ல, கிடைப்பதே சிரமம். பழைய சாமான் வியாபாரியின் வண்டி எதற்காக வாசலில் நிற்கிறது என்பதற்கு இதுதான் விடை. அந்த ஜன்னல் வேறெங்கோ உணவகத்தின் சுவரில் அலங்காரமாகத் தொங்கலாம், அறுத்து மேசையாகலாம்.

யுபிவிசி கெட்ட பொருள் அல்ல. கரையான் அரிக்காது, பெயிண்ட் கேட்காது, சத்தத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் அது பழுது பார்க்கும் பொருளாகச் செய்யப்படவில்லை. உருளையோ பூட்டோ போய், அந்த மாடல் சந்தையில் நின்றுவிட்டால் முழுச் சட்டமும் போக வேண்டியதுதான். இரட்டைக் கண்ணாடியின் ஓர அடைப்பு விட்டால் நடுவில் ஆவி படியும். துடைக்கக் கை போகாது. மர ஜன்னலில் ஒரு பட்டை உடைந்தால் அந்தப் பட்டையை மட்டும் மாற்றலாம். நூறு வருஷம் அது நின்றதன் ரகசியம் இதுதான்.

வீட்டுக்காரர் சொல்வதும் நியாயம்தான்

இவ்வளவு நல்ல ஜன்னலை ஏன் கழற்றுகிறார்கள்? காரணங்கள் உண்டு. உப்புக்காற்றில் இரும்புக் கீல் துருவேறி மரத்தைப் பிளக்கிறது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் பெயிண்ட் அடிக்க ஆளும் பணமும் வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த தானே புயல் போன்ற ஒன்று வந்தால் தளர்ந்த கதவுகள் தாங்குவதில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குப் பின் உப்பிய சட்டம் மூடவும் மாட்டாது, திறக்கவும் மாட்டாது. சொத்தில் நாலைந்து பேருக்குப் பங்கு இருந்தால் யார் செலவு செய்வது என்பதே தீராத பஞ்சாயத்து. வாடகைக்கு விட்ட வீடென்றால் குடியிருப்பவர் கேட்பது ஏசியும் கொசுவலையும்தான்.

இதற்கெல்லாம் மேல், பழைய வேலை தெரிந்த ஆசாரி கிடைப்பது அரிது. கிடைக்கிற ஆளும் “இது தேறாதுங்க, எடுத்துடுங்க” என்று சொல்லிவிடுவது வழக்கம். பழுது பார்த்தால் நாலு நாள் வேலை. மாற்றினால் ஒரு நாளில் முடியும்.

தேறுமா, தேறாதா?

இதை வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ளலாம். ஸ்க்ரூடிரைவர் முனையால் மரத்தைக் குத்திப் பாருங்கள். மர ஜன்னல் மொத்தமாக உளுப்பது அபூர்வம். தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் உளுக்கும்: கதவின் அடிச்சட்டம், நெடுஞ்சட்டத்தின் கீழ்முனை, நிலையின் அடிக்கட்டை. மேலே குத்தினால் முனை இறங்காது. கீழே நாலைந்து அங்குலம் மட்டும் பொதபொதவென்று இறங்கும். அந்த நாலைந்து அங்குலத்துக்காகத்தான் ஆறடி ஜன்னல் குப்பைக்குப் போகிறது.

நல்ல ஆசாரி செய்யும் வேலை இது. கதவைக் கழற்றிப் படுக்கவைத்து, உளுத்த பகுதியை நல்ல மரம் வரும்வரை அறுத்தெடுப்பார். நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டுவார். அப்போதுதான் ஒட்டும் பரப்பு கூடும், மூட்டில் தண்ணீர் நிற்காது. அதே பழைய தேக்கிலிருந்து ஒரு துண்டு எடுத்து, ரேகை ஓடும் திசை பார்த்துப் பொருத்தி, தண்ணீர் தாங்கும் பசை போட்டு மர ஆப்பு அறைவார். சட்டங்கள் ஆதியிலேயே ஆணியில்லாமல் ஒன்றில் ஒன்று செருகி இணைத்தவை என்பதால், தட்டிப் பிரித்து மறுபடி சேர்க்கலாம். துருப்பிடித்த கீலுக்குப் பதில் பித்தளைக் கீல். கண்ணாடி ஓரத்தில் காய்ந்து உதிர்ந்த லப்பத்தைச் சுரண்டி, ஆளிவிதை எண்ணெய் சேர்த்த புது லப்பம். பெயிண்ட் அடிக்கும்போது கீழ்முனையின் வெட்டுவாயை மறக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டுவிட்டால் தண்ணீர் மறுபடி அந்த வழியேதான் ஏறும்.

நிலையைச் சுற்றிய பூச்சிலும் கவனம் வேண்டும். பழைய சுவர் சுண்ணாம்புக் காரை. ஈரத்தை வாங்கி வெளியே விடும். அங்கே சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியின்றி மரத்துக்குள் இறங்கும். ‘போன தடவை ரிப்பேர் பண்ணியும் உளுத்துப்போச்சு’ என்ற புகாருக்குப் பல இடங்களில் குற்றவாளி ஆசாரி அல்ல, கொத்தனாரின் சிமென்ட்.

ஏசி, கொசு, சத்தம்

மூன்றுக்கும் ஒரே வழி: வெளியடுக்கைத் தொடாதீர்கள், உள்ளடுக்கில் செய்யுங்கள். பட்டைக் கதவு வழியே ஏசி குளிர் போய்விடும் என்பது உண்மை. அதற்கு உள்பக்கம் கண்ணாடிக் கதவு ஏற்கெனவே இருந்தால் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். இல்லாவிட்டால் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம்; அது மரமாக இருந்தாலும் யுபிவிசியாக இருந்தாலும் தெருவுக்குத் தெரியப்போவதில்லை. இரண்டு அடுக்குக்கும் நடுவே இடைவெளி கூடக் கூடத் தெருச் சத்தம் குறையும். பழைய சுவரின் தடிமன் அதற்குத் தோதானது. கொசுவலையைக் கழற்றி மாட்டும் சட்டத்தில் வைத்தால் கழுவவும் எளிது.

முழுக்கக் கெட்டுப்போன ஜன்னலை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் திறப்பின் அளவு, வளைவு, கட்டப் பிரிப்பு, கதவு திறக்கும் முறை நான்கும் மாறாமல் செய்தால் வீட்டின் முகம் கெடாது. அடுக்கடுக்காக ஒரே அளவில் நிற்கும் ஜன்னல்களும் அவற்றின் நடுவே உள்ள தூண் வேலைப்பாடும் சேர்ந்துதான் முகப்பின் தாளம்.

ஊர் என்ன செய்ய வேண்டும்?

பழமையைக் காப்பதில் அரசாங்கமே கோட்டை விட்ட ஊர் இது. 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ‘மேரி’ என்னும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் 29-ல் மழையில் இடிந்து விழுந்தது; பிறகு உலக வங்கி உதவியோடு அதே வடிவில் திரும்பக் கட்டினார்கள். பழுது பார்த்திருந்தால் ஆகியிருக்கும் செலவையும் திரும்பக் கட்டிய செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாடம் புரியும்.

நல்ல முன்மாதிரியும் இங்கேயே இருக்கிறது. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஏஷியா அர்ப்ஸ்’ திட்டத்தில் இத்தாலியின் உர்பினோ, பிரான்ஸின் வில்நெவ்-சுர்-லோ நகரங்களோடு புதுச்சேரி கைகோத்தது. மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் வழிகாட்டலில் வைசியாள் வீதியின் முகப்புகள் வரிசையாகச் சீராயின. செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர் ஏற்க, ஒரு பங்கைத் திட்டம் ஏற்றது. அந்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஒரு தனி மாளிகைக்கு அல்லாமல், ஆட்கள் குடியிருக்கும் ஒரு தெருவுக்காகக் கிடைத்த விருது என்பதுதான் அதன் பெருமை.

வீட்டுக்காரரின் பணத்தை மட்டும் நம்பி மரபைக் காக்க முடியாது என்பதை அந்தத் தெரு காட்டியது. மஞ்சள் சுவருக்கும் பட்டை ஜன்னலுக்கும் முன்னால் நின்று படமெடுக்க வாராவாரம் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் வருகிறது. அந்தக் கூட்டத்தால் விடுதி பிழைக்கிறது, உணவகம் பிழைக்கிறது, அரசுக்கு வரி வருகிறது. அவர்கள் பார்க்க வரும் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பவர் மட்டும் தனியாளாக நிற்கிறார். புதிதாக எழும் கட்டடங்களிலோ திறக்கவே முடியாத பட்டைக் கதவுகளைச் சுவரில் ஒட்டிவைத்து ‘பிரெஞ்சு ஸ்டைல்’ என்கிறார்கள்.

செய்ய வேண்டியது பெரிய மாயமொன்றும் இல்லை. முகப்பைக் காப்பவருக்குச் சொத்து வரியில் சலுகை. ஜன்னல், கதவு பழுதுக்கென்றே சிறு மானியம். சில தெருக்களுக்குச் சேர்த்து ஒரு ஆசாரிப் பட்டறை. அந்தப் பட்டறையில் இளைஞர்களுக்குப் பயிற்சி. இடிக்கும் வீடுகளின் தேக்கை வாங்கிச் சேமித்து, பழுதுக்கு நியாய விலையில் கொடுக்கும் கிடங்கு. விதிகள் போட்டுத் தடுப்பதைவிட இவை வீட்டுக்காரரைச் சீக்கிரம் பக்கத்தில் கொண்டுவரும்.

கழற்றும் முன்: கவனிக்க வேண்டிய ஏழு

1. ஒவ்வொரு ஜன்னலையும் உள்ளும் புறமும் படமெடுத்து, அளவு குறித்து வையுங்கள்.

2. எது எவ்வளவு உளுத்திருக்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள். பத்து ஜன்னலில் இரண்டு கெட்டால் இரண்டுக்கு மட்டுமே வேலை.

3. பழுதுக்கும் மாற்றுவதற்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். பழைய மரத்தின் மதிப்பையும் கணக்கில் சேருங்கள்.

4. பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. காய்ந்தபடி தேய்க்காதீர்கள், தீக்காட்டி உரிக்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, தூளைத் துடைத்தெடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அங்கே இருக்கக் கூடாது.

5. நிலையைச் சுற்றி சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்புக் காரை.

6. கழற்றிய கீல், கொக்கி, கம்பித் தாழ்ப்பாளை எண் எழுதிப் பையில் போட்டு வையுங்கள். கடையில் கிடைக்காது.

7. பட்டியலில் உள்ள மரபுக் கட்டடமா என்று நகராட்சியிலும் இன்டாக்கிலும் முதலிலேயே விசாரியுங்கள்.

1990-களில் மரபு வீடுகள் என்று கணக்கெடுத்தவற்றில் கணிசமானவை இன்று இல்லை. அவற்றில் பல ஒரே நாளில் விழவில்லை. ஒரு மழைக்காலத்தில் ஜன்னல், இன்னொரு வருஷம் தாழ்வாரம், பிறகு திண்ணை என்று பகுதி பகுதியாகப் போயின. கடைசியில் ‘இதில் பழசு என்ன மிச்சம் இருக்கிறது?’ என்று கேட்டுத்தான் வீட்டையே இடித்தார்கள். அந்த வரிசையை முதல் படியிலேயே நிறுத்த, யுபிவிசிக்காரரைக் கூப்பிடும் முன் ஓர் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினால் போதும். அதற்கு ஆகிற செலவு ஒரு நாள் கூலி.